எல்லாமே அர்ஜென்ட் என்றால் எதை முதலில் மெஷினில் ஏற்றுவது?

கேள்வி: மதுரை அருகே சிறிய ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறேன். இரண்டு டிசைனர்கள், ஒரு நான்கு கலர் மெஷின், ஒரு சிங்கிள் கலர் மெஷின், லேமினேஷன், கட்டிங், பைண்டிங் என மொத்தம் 11 பேர். பிளேட் (மெஷினில் மாட்டும் அச்சுத் தகடு) வெளியே போட்டு வாங்குகிறோம். எப்போது எண்ணினாலும் 45 ஜாப் உள்ளே கிடக்கிறது. நாளொன்றுக்கு 5 ஜாப் டெலிவரி ஆகும். நான்கு நாளில் தருவதாகச் சொல்கிறோம், ஆவது ஒன்பது பத்து நாள். ஒயிட் போர்டு வாங்கி ‘செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது’ என்று மூன்று கட்டம் போட்டுச் சீட்டு ஒட்டினேன். மூன்றே வாரம், பிறகு யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வருகிற பார்ட்டி எல்லாரும் அர்ஜென்ட் என்கிறார்கள். சிலர் மெஷினுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொள்கிறார்கள். போர்டெல்லாம் நம் தொழிலுக்குச் சரிப்படாதா? வேலைகளை எப்படி வரிசைப்படுத்துவது? இன்னொரு மெஷின் வாங்குவதா, மூன்றாவது டிசைனர் போடுவதா? மாதிரிக்கு ஒரு பிரவுச்சர் ஜாப்பின் தேதிகளை இணைத்திருக்கிறேன்.

பதில்: போர்டு உங்கள் தொழிலுக்கு நன்றாகவே சரிப்படும். சரிப்படாதது அந்த மூன்று கட்டம்தான். டிசைனில் இருப்பது, பார்ட்டி பதிலுக்காகக் கிடப்பது, பிளேட் வராமல் நிற்பது, லேமினேஷனுக்குக் காய்வது எல்லாமே ‘நடப்பது’ என்ற ஒரே கட்டத்தில் குவிந்தால், அதைப் பார்த்து யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆட்கள் பார்ப்பதை நிறுத்தியதில் தப்பு ஒன்றுமில்லை.

உங்கள் பிரவுச்சரையே எடுத்துக்கொள்வோம். 3ஆம் தேதி ஆர்டர். 5ஆம் தேதி டிசைனர் கையில் எடுக்கிறார். 6ஆம் தேதி வாட்ஸப்பில் புரூஃப் (பார்ட்டி சரிபார்க்க வேண்டிய மாதிரி) போகிறது. 10ஆம் தேதி பார்ட்டி ஓகே சொல்கிறார். 11 பிளேட், 12 அச்சு, 13 லேமினேஷன், 14ஆம் தேதி மடித்து வெட்டி டெலிவரி. இதில் ஆள் கைவைத்த நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்: டிசைன் 4 மணி நேரம், மெஷினில் ரெடி பண்ணி அடித்து முடிக்க ஒன்றரை மணி, லேமினேஷன் 1 மணி, மடிப்பும் கட்டிங்கும் 2 மணி என்று வைத்தால் மொத்தம் எட்டரை மணி நேரம். அதாவது ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாள் வேலைக்குப் பத்து வேலை நாள் ஆகியிருக்கிறது. மீதி ஒன்பது நாளும் ஜாப் எங்கேயோ சும்மா கிடந்திருக்கிறது. ஆட்களை இன்னும் வேகமாக ஓடச் சொல்லி அந்த எட்டரை மணியை ஏழாக்கினாலும் பார்ட்டிக்கு ஒரு நாள்கூட மிச்சமாகாது. குறைக்க வேண்டியது கிடக்கும் நேரத்தை. போர்டில் தெரிய வேண்டியதும் அதுதான்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. 1961இல் ஜான் லிட்டில் என்பவர் நிரூபித்தது. உள்ளே இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, நாளொன்றுக்கு வெளியேறும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக உள்ளே தங்கும் நாள் கிடைக்கும். உங்களுக்கு 45ஐ 5ஆல் வகுத்தால் 9. நீங்கள் நான்கு நாள் என்று வாக்குக் கொடுத்தாலும், 45 ஜாப்பை உள்ளே விட்டுவிட்டால் அந்தக் கணக்கு ஒன்பது நாளைத்தான் தரும். ஐந்து நாளில் கொடுக்க வேண்டுமென்றால் உள்ளே 25 தான் இருக்கலாம்.

‘மீதி 20 வாசலில்தானே நிற்கும், பார்ட்டிக்கு என்ன லாபம்’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த 45ஐ ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள். மேட்டர் பாதிதான் வந்தது, லோகோ அனுப்புவதாகச் சொல்லி அனுப்பாதது, அட்வான்ஸ் வராதது, புரூஃப் போய் ஒரு வாரமாகியும் பதில் இல்லாதது, அடுத்த மாதம்தான் தேவைப்படுவது என்று கணிசமானவை தேறும். இவை உங்களால் செய்யவே முடியாத, அல்லது இன்று செய்யத் தேவையில்லாத வேலைகள். ஆனால் டிசைனர் இதையெல்லாம் திறந்து வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டிருப்பார். மேட்டர் முழுதாக வந்து அட்வான்ஸும் வந்த பிறகுதான் ஜாப் உள்ளே வரும், டெலிவரி தேதியும் அன்றுதான் சொல்லப்படும் என்று வைத்தாலே பாதிக் கூட்டம் கரைந்துவிடும்.

இனி போர்டு. மெஷின் ஹாலுக்கும் டிசைன் அறைக்கும் நடுவே, எல்லாரும் கடந்துபோகும் சுவரில் 6-க்கு 4 அடி போர்டு போதும். கட்டம் பிரிக்கக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். மார்க்கர் கோடு பத்து நாளில் அழிந்துவிடும், டேப் என்றால் பிறகு நகர்த்தி ஒட்டவும் வசதி. சீட்டுக்கு வெளியே எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் கட்டிங்கில் விழும் 250, 300 ஜிஎஸ்எம் (தாளின் கனம்) ஆர்ட் கார்டு துண்டுகளை 5-க்கு 3 அங்குலமாக வெட்டிக் காந்தம் வைத்து மாட்டுங்கள். பசை வைத்த சின்னச் சீட்டு மெஷின் ஹால் காற்றாடிக்கு நிற்காது.

கட்டங்கள் இந்த வரிசையில் இருக்கட்டும்: டிசைன், புரூஃப் (பார்ட்டியிடம்), பிளேட்–பேப்பர், அச்சு, காய்வது–லேமினேஷன், கட்டிங்–பைண்டிங், டெலிவரி. ஆள் வேலை செய்யும் கட்டங்களான டிசைன், அச்சு, கட்டிங்–பைண்டிங் மூன்றையும் குறுக்கே பிரித்து மேலே ‘நடக்குது’, கீழே ‘முடிஞ்சுது’ என்று எழுதுங்கள். இந்தப் பிரிவை வேண்டாத வேலை என்று விட்டுவிடாதீர்கள். ஒரு கட்டத்தின் ‘முடிஞ்சுது’ பகுதியில் சீட்டு சேர்ந்தால், அடுத்த இடத்தில் அடைப்பு என்று அர்த்தம். அச்சு முடிந்த சீட்டுகள் நான்கைந்து சேர்ந்து நிற்கின்றன என்றால் அன்றைக்கு மெஷினை விரட்டிப் பயனில்லை, லேமினேஷனுக்கு ஓர் ஆளை அனுப்ப வேண்டும்.

சீட்டில் ஜாப் நம்பர், சைஸ், பேப்பர், எத்தனை கலர், எத்தனை காப்பி, டெலிவரி தேதி. தேதி மட்டும் பத்தடி தள்ளி நின்றாலும் தெரிகிற அளவுக்குத் தடித்த மார்க்கரில் இருக்கட்டும். பின்பக்கம் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அது நுழைந்த தேதியை எழுதிக்கொண்டே வர வேண்டும். பார்ட்டி பெயரைப் போடாதீர்கள். வருகிறவர்கள் போர்டைப் பார்ப்பார்கள். போட்டிக் கடைக்காரர் இருவர் உங்களிடமே நோட்டீஸ் அடிக்கலாம், தேர்தல் சமயத்தில் எதிரெதிர்க் கட்சிகளின் வேலையே ஒரே அச்சகத்தில் நடக்கும். பெயர், போன் நம்பர், விலை எல்லாம் ஜாப்போடு போகும் கவரில் இருந்தால் போதும்.

அடுத்தது எண்ணிக்கை வரம்பு. இது இல்லாத போர்டு வெறும் பட்டியல்தான். ஒவ்வொரு கட்டத்தின் தலையிலும் ஒரு எண் எழுத வேண்டும், அதற்கு மேல் சீட்டு அங்கே நுழையக் கூடாது. உங்கள் ஆள் கணக்குக்குத் தொடக்கமாக இப்படி வைக்கலாம்: டிசைன் 4, புரூஃப் 6, பிளேட்–பேப்பர் 3, அச்சு 4 (மெஷினுக்கு ஓடுவது ஒன்று, அடுத்தது ஒன்று), காய்வது–லேமினேஷன் 4, கட்டிங்–பைண்டிங் 4. கூட்டினால் 25. ‘முடிஞ்சுது’ பகுதியில் நிற்பதும் இந்த எண்ணுக்குள்தான் அடங்கும். அடுத்த கட்டத்தில் இடம் காலியானால்தான் முந்தைய கட்டத்திலிருந்து சீட்டை அங்கே இழுக்கலாம். தள்ளிவிடக் கூடாது, இழுக்க வேண்டும். டொயோட்டா தொழிற்சாலையில் தாய்ச்சி ஓனோ இதை வளர்த்தெடுத்தபோது அவருக்கு முன்மாதிரியாக இருந்தது அமெரிக்க சூப்பர் மார்க்கெட். அங்கே அலமாரியில் எடுத்த அளவுக்குத்தான் பின்னாலிருந்து நிரப்புவார்கள்.

வரம்பு நிரம்பிவிட்டது, டிசைனர் கை சும்மா இருக்கிறது என்றால்? புது ஜாப் தொடங்கக் கூடாது. புரூஃபுக்குப் பதில் வராத பார்ட்டிகளுக்கு அவர் போன் போடட்டும், அல்லது பைண்டிங்கில் கை கொடுக்கட்டும். முதல் இரண்டு வாரம் இதைப் பார்க்க உங்களுக்கே மனசு கேட்காது, ஆளைச் சும்மா வைத்துச் சம்பளம் கொடுப்பதுபோல் தோன்றும். ஆனால் அவர் தொடங்கும் ஐந்தாவது டிசைன் இன்றைக்கு ஒரு ஷீட்டைக்கூட வெளியே அனுப்பாது, வரிசையைத்தான் நீட்டும்.

புரூஃப் கட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் பிரவுச்சரில் மிக நீண்ட காத்திருப்பு அங்கேதான், 6ஆம் தேதியிலிருந்து 10 வரை. ‘அது பார்ட்டி கையில், நாம என்ன செய்ய முடியும்’ என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். செய்ய முடிவது நிறைய இருக்கிறது. புரூஃப் அனுப்பும்போதே ‘நாளை மாலை 5 மணிக்குள் ஓகே கிடைத்தால் டெலிவரி 14ஆம் தேதி, தாமதமானால் அத்தனை நாள் தேதியும் தள்ளும்’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். மறுநாள் பதில் இல்லையென்றால் போன். மூன்றாம் நாளும் இல்லையென்றால் சீட்டைப் போர்டின் ஓரத்தில் ‘நிறுத்தி வைத்தது’ என்று ஒரு தனி இடத்துக்கு மாற்றிவிடுங்கள், அதன் இடத்தில் வேறு ஜாப் வரட்டும். பார்ட்டி திரும்பி வரும்போது புதுத் தேதி. இதைக் கறாராகச் சொல்லத் தேவையில்லை, ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிட்டால் மனஸ்தாபம் வராது.

திருத்தம் வந்தால் சீட்டைத் திரும்ப டிசைனுக்கு நகர்த்தி, மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். மூன்று புள்ளி விழுந்த சீட்டுகளை மாதக் கடைசியில் தனியே எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் இரண்டுதான். ஒன்று, பார்ட்டி வீட்டில் முடிவெடுப்பவர் வேறொருவராக இருக்கும், புரூஃப் அவருக்குப் போயிருக்காது. கல்யாணப் பத்திரிகையில் இது சகஜம். மாப்பிள்ளை ஓகே சொல்வார், தாய்மாமன் பெயர் விட்டுப்போனதைப் பெரியவர் ஒருவர் பிளேட் போட்ட பிறகு கண்டுபிடிப்பார். இரண்டு, ஆர்டர் எடுக்கும்போதே கேட்டிருக்க வேண்டிய ஒன்றைக் கேட்காமல் விட்டிருப்பீர்கள். பில் புக் என்றால் தொடக்க நம்பர், எத்தனை செட், டூப்ளிகேட்டா டிரிப்ளிகேட்டா, எந்தக் காப்பியில் பெர்ஃபரேஷன் (கிழிப்பதற்கான துளைக்கோடு) என்று கேட்காமல் உள்ளே விட்டால் நம்பரிங் போடும் இடத்தில் ஜாப் நின்றுவிடும். ஆகவே ஜாப் வகைக்கு ஒன்றாக, உள்ளே வரும்முன் கேட்க வேண்டியவற்றின் சின்னப் பட்டியல் கவுன்ட்டரில் இருக்கட்டும். தேர்தல் போஸ்டர், நோட்டீஸ் வந்தால் அந்தப் பட்டியலில் ஒன்று கட்டாயம்: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127ஏ-படி வெளியிடுபவரின் கையெழுத்தும் அவரை நேரில் அறிந்த இருவர் சான்றும் உள்ள உறுதிமொழி, இரண்டு பிரதி. அச்சிடுபவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் தாளில் இருந்தாக வேண்டும், அடித்த பிறகு உறுதிமொழியின் ஒரு பிரதியோடு அச்சிட்ட தாளையும் மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்ப வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதை மெஷினில் ஏற்றும் நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அச்சுக் கட்டத்துக்கு ஒரே ஒரு விதி: பிளேட்டும் பேப்பரும் இரண்டுமே கைக்கு வந்த ஜாப்தான் மெஷின் வரிசைக்குள் நுழையும். பிளேட் வந்தாயிற்று, பேப்பர் ‘மத்தியானம் வந்துடும்’ என்றால் அது பிளேட்–பேப்பர் கட்டத்திலேயே நிற்கட்டும். காய்வதற்கும் போர்டில் இடம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. மேலுக்குக் காய்ந்ததுபோல் இருந்தாலும் மை உள்ளே இறுக நேரம் வேண்டும். கறுப்பு, கருநீலம் அடர்த்தியாக விழுந்த ஷீட்டை அவசரப்பட்டு லேமினேஷனுக்குக் கொடுத்தால் குமிழி வரும், பிலிம் உரியும். அடுக்கு உயரமாகிவிட்டால் மேல் ஷீட்டின் பின்பக்கம் மை ஒட்டும். ‘காய்கிறது, நாளை காலை 9 மணி’ என்று சீட்டிலேயே எழுதிவிட்டால் யாரும் இடையில் போய்க் கை வைக்க மாட்டார்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, எதை முதலில் செய்வது. யார் சத்தம் போடுகிறார், யார் பழைய பார்ட்டி, யாருடைய பில் பெரியது என்ற மூன்றையும் ஒதுக்கிவிட்டு ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: இது ஒரு நாள் தாமதமானால் என்ன ஆகும்? பதிலைப் பொறுத்து நான்கு நிறச் சீட்டு.

சிவப்பு: நேரம் தாண்டினால் வேலைக்கே மதிப்பில்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இதற்குச் சரியான உதாரணம். இன்று இரவு ஒட்டாவிட்டால் நாளை அதற்கு அர்த்தமில்லை. போர்டில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சிவப்புதான் இருக்கலாம். இரண்டாவது சிவப்பு வந்தால் முதலாவது வெளியேறும் வரை காத்திருக்க வேண்டும், அல்லது இரண்டில் எது உண்மையான சிவப்பு என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். சிவப்புக்கு எண்ணிக்கை வரம்பு குறுக்கே வராது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஜாப்பைப் பாதியில் இறக்காதீர்கள், அது முடிந்ததும் அடுத்தது சிவப்பு. பாதியில் இறக்கினால் பிளேட்டைக் கழற்றி, பிளாங்கெட் (மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் விரிப்பு) கழுவி, பிறகு மறுபடி அதே ஜாப்பை ஏற்றும்போது ரிஜிஸ்டரும் (கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுவது) கலரும் புதிதாகப் பிடிக்க வேண்டும். நேரமும் போகும், வேஸ்ட் ஷீட்டும் இரட்டிப்பாகும், முன்பாதிக்கும் பின்பாதிக்கும் கலர் வித்தியாசமும் வரும். கடை திறப்பு விழா நோட்டீஸை முந்தின நாள் கொண்டுவருகிறவரிடம் அவசரக் கட்டணம் வாங்குங்கள். கேட்டவுடன் பாதிப் பேர் ‘சரி, ரெண்டு நாள் கழிச்சே குடுங்க’ என்பார்கள், அப்போதே அது சிவப்பு இல்லை என்று தெரிந்துவிடும். சாவு வீட்டுப் போஸ்டருக்கு அந்தக் கட்டணம் வேண்டாம்.

மஞ்சள்: தேதி நிச்சயம், அதைத் தாண்டினால் இழப்பு பெரிது. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேகப் பத்திரிகை, பள்ளி ஆண்டு விழா மலர். இவற்றை டெலிவரி தேதியை வைத்து வரிசைப்படுத்தாதீர்கள், தொடங்க வேண்டிய கடைசித் தேதியை வைத்து வரிசைப்படுத்துங்கள். அதைக் கண்டுபிடிப்பது சுலபம். கடைசியாகச் செய்த 20 கல்யாணப் பத்திரிகை ஜாப்களுக்கு ஆன வேலை நாட்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையாக எழுதுங்கள். 17ஆவது எண்ணைப் பாருங்கள். அது 9 என்றால், நூற்றுக்கு 85 ஜாப் ஒன்பது நாளுக்குள் முடிகிறது என்று பொருள். சராசரியை எடுத்தால் ஏறத்தாழப் பாதி ஜாப் தேதி தவறும், அதனால் சராசரி வேண்டாம். இப்போது, செப்டம்பர் 5 முகூர்த்தம் என்று வைப்போம். குலதெய்வத்துக்கு முதல் பத்திரிகை வைத்து ஊர் ஊராகப் போய்க் கொடுக்க வீட்டாருக்கு 35 நாள் வேண்டும் என்றால் ஆகஸ்ட் 1 அன்று கட்டு அவர்கள் கையில் இருக்க வேண்டும். அங்கிருந்து ஞாயிறு நீக்கி 9 வேலை நாள் பின்னால் வந்தால் ஜூலை 21 அல்லது 22. சீட்டின் வலது மூலையில் அந்தத் தேதியை எழுதி வட்டமிடுங்கள். அதுவரை அந்த ஜாப்பைத் தொட வேண்டியதில்லை, அந்தத் தேதி வந்தால் வெள்ளைச் சீட்டுகளைத் தாண்டி அது முன்னால் போகும். ஆடியில் கல்யாணம் இல்லை என்று தெம்பாக இருந்துவிடக் கூடாது. ஆவணி முகூர்த்தத்துப் பத்திரிகைகள் உங்கள் போர்டுக்கு வருவதே ஆடியில்தான்.

வெள்ளை: மற்ற எல்லாம். பில் புக், லெட்டர்பேடு, பிரவுச்சர், விசிட்டிங் கார்டு. வந்த வரிசையில் போகும், அவ்வளவுதான். இடையில் ஒருவரை முன்னே விட்டால் பின்னால் இருப்பவர் எல்லாருக்கும் சொன்ன தேதி பொய்யாகிவிடும்.

பச்சை: யாரும் கேட்காத, ஆனால் செய்யாவிட்டால் பிறகு கழுத்தைப் பிடிக்கும் வேலைகள். ரோலர் அழுத்தம் சரிபார்ப்பது, கட்டிங் கத்தி சாணை, பழைய ஜாப் ஃபைல்களைத் தேடினால் கிடைக்கிற மாதிரி அடுக்குவது. போர்டில் எப்போதும் ஒரு பச்சையாவது இருக்க வேண்டும், வாரத்துக்கு ஒன்றாவது முடிய வேண்டும். சீட்டு இல்லாத வேலைக்கு நேரம் கிடைக்காது.

வெள்ளைச் சீட்டின் வரிசைக்கு ஒரு விதிவிலக்கு தர வேண்டியிருக்கும். ஒரே பேப்பரும் ஒரே ஸ்பெஷல் கலரும் உள்ள மூன்று ஜாப்பைச் சேர்த்து அடித்தால் இரண்டு முறை மை கழுவும் வேலை மிச்சம் என்று உங்கள் மெஷின்மேன் சொல்வார். அவர் சொல்வது சரி, நான்கு கலர் மெஷின்தான் உங்கள் அடைப்பு என்றால் இன்னும் சரி. அதனால், மெஷின் வரிசையிலும் பிளேட்–பேப்பர் கட்டத்திலும் ஏற்கெனவே நிற்பவற்றை அவர் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம், எந்த ஜாப்பின் டெலிவரி தேதியும் தாண்டக் கூடாது என்று விட்டுவிடுங்கள். அதற்கு வெளியே இருந்து, ‘கலர் சேருது’ என்று அடுத்த வார ஜாப்பை இழுத்துவர அனுமதிக்காதீர்கள்.

மெஷின் பக்கத்தில் வந்து நிற்கும் பார்ட்டிக்கும் இங்கேதான் பதில். எது உள்ளே வரும், எது என்ன நிறம் என்பதை ஒரே ஆள், நாளுக்கு ஒரே முறை முடிவு செய்ய வேண்டும். அது நீங்களோ, உங்கள் மேனேஜரோ. மாலை 4 மணி வசதி, மறுநாள் பிளேட்டுக்கு ஃபைல் அனுப்ப நேரம் இருக்கும். மெஷின்மேனிடம் யார் வந்து ‘அண்ணே, இத மட்டும் மொதல்ல ஏத்திருங்க’ என்று கேட்டாலும் அவர் போர்டைக் கை காட்டினால் போதும். இந்த விதியை முதலில் மீறப்போவது பார்ட்டி இல்லை, நீங்கள். தெரிந்தவர் ஒருவர் போன் செய்வார், நீங்கள் நேராக மெஷின் ஹாலுக்குப் போய்ச் சொல்லிவிடுவீர்கள். அப்படி ஒருமுறை நடந்தால் அந்தப் போர்டை மெஷின்மேன் பிறகு நம்ப மாட்டார்.

காலையில் வேலை தொடங்கும்முன் பத்து நிமிடம், எல்லாரும் போர்டு முன்னால் நின்றபடி. வலது ஓரத்திலிருந்து, அதாவது டெலிவரிக்கு மிக அருகில் இருக்கும் சீட்டிலிருந்து தொடங்கி இடப்பக்கமாக வாருங்கள். ‘நேத்து நீ என்ன செஞ்ச’ என்று ஆளைக் கேட்க வேண்டாம், ‘இந்த ஜாப் எதுக்காக நிக்குது’ என்று சீட்டைக் கேளுங்கள். ஒரே கட்டத்தில் மூன்று நாளுக்கு மேல் நின்றதை மட்டும் பேசினால் போதும். யார் எத்தனை சீட்டு முடித்தார் என்று எண்ணத் தொடங்கிவிட்டால், சுலபமான ஜாப்பை எடுக்கப் போட்டி வரும், கஷ்டமானது அடியில் போய்விடும். போர்டு ஆளை அளப்பதற்கு அல்ல.

சீட்டே இல்லாமல் நடக்கும் வேலைதான் அடுத்த பெரிய ஓட்டை. ‘ஒரு சின்ன கரெக்‌ஷன்’, ‘ஒரு டிசைன் மட்டும் காட்டுங்க, பிடிச்சா ஆர்டர் தர்றேன்’ என்று டிசைனரின் வாட்ஸப்புக்கு நேராக வருபவை. 15 நிமிடத்துக்குக் குறைவானதற்குச் சீட்டு வேண்டாம், போர்டு ஓரத்தில் ஒரு கோடு போட்டால் போதும். வாரக் கடைசியில் கோடுகளை எண்ணுங்கள். 40 கோடு என்றால் 10 மணி நேரம் வரை அதில் போயிருக்கிறது. உறுதியாகாத ஆர்டருக்குப் போடும் மாதிரி டிசைன்களுக்குத் தனியாகச் சீட்டு வையுங்கள், டிசைன் கட்டத்தில் ஒன்றுக்கு மேல் கூடாது. போர்டும் எண்ணிக்கை வரம்புமாக வேலையை நகர்த்தும் இந்த முறையை மென்பொருள் துறையில் பரப்பிய டேவிட் ஆண்டர்சன், 2004–05இல் மைக்ரோசாஃப்டுக்காக ஹைதராபாத்தில் இயங்கிய ஒரு பராமரிப்புக் குழுவின் வேலையை ஆராய்ந்தபோது, வரும் கோரிக்கைகளுக்கு ‘இத்தனை நாள் ஆகும்’ என்று மதிப்பீடு போடுவதிலேயே அவர்கள் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் போவது தெரிந்தது. அந்த மதிப்பீடுகளில் பல பிறகு வேலையாக மாறவே இல்லை. மதிப்பீட்டை நிறுத்தி, கையில் எடுக்கும் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்ததுமே, ஆள் சேர்க்கும் முன்பே வேலை வேகமாக வெளியேறத் தொடங்கியது. உங்கள் இலவச மாதிரி டிசைன்களும் அதே வகைதான்.

மூன்றாவது கேள்விக்கு இப்போது பதில் சொல்வது சரியாக இருக்காது, எட்டு வாரம் கழித்துப் போர்டே சொல்லும். பிளேட்–பேப்பர் கட்டம் எப்போதும் நிரம்பி, கட்டிங்–பைண்டிங் அடிக்கடி காலியாக நின்றால் மெஷின் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன்னாலும் மெஷின் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உண்மையில் ஷீட் ஓட்டியது, எத்தனை மணி நேரம் பிளேட் மாற்றவும் பேப்பருக்குக் காத்திருக்கவும் போனது என்று இரண்டு வாரம் குறித்துப் பாருங்கள். காத்திருந்த நேரம் அதிகமென்றால் புது மெஷினும் பக்கத்தில் நின்று காத்திருக்கும். டிசைன் கட்டம் நிரம்பி, புரூஃபில் இடம் காலியாக இருந்தால்தான் மூன்றாவது டிசைனர். உங்கள் பிரவுச்சரைப் பார்த்தவரை இரண்டுக்கும் அவசரமில்லை என்றே படுகிறது. அதில் பிளேட் கைக்கு வந்த பிறகு டெலிவரிக்கு மூன்றே நாள்தான் ஆகியிருக்கிறது.

எப்படித் தொடங்குவது? ஒரு சனிக்கிழமை மாலை, உள்ளே இருக்கும் 45 ஜாப்புக்கும் சீட்டு எழுதி அது உண்மையில் எங்கே இருக்கிறதோ அந்தக் கட்டத்தில் வையுங்கள். பல கட்டங்கள் வரம்பைத் தாண்டும், தாண்டட்டும். அடுத்த நாட்களில் அந்தக் கட்டம் வரம்புக்குள் இறங்கும் வரை அதற்குள் புதிதாக எதுவும் நுழையாது. அந்த நாட்களில் வரும் பார்ட்டிகளுக்குப் பத்து நாள் என்று சொல்லுங்கள். இப்போதும் அதுதான் ஆகிறது, உண்மையைச் சொல்வதில் நஷ்டமில்லை. 25க்கு இறங்கிய பிறகு மேலே சொன்ன 17ஆவது எண்ணை மறுபடி பார்த்து, அது 6 என்றால் ஆறு நாள் என்று சொல்லத் தொடங்கலாம். வரம்பு எண்களையும் மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். வேலை தங்கு தடையின்றி நகர்ந்தால் ஏதாவது ஒரு கட்டத்தில் ஒன்று குறையுங்கள். நான்கு கலர் மெஷின் அடுத்த ஜாப் இல்லாமல் நின்றால் பிளேட்–பேப்பரில் ஒன்று கூட்டுங்கள்.

மென்பொருளோ செல்போன் செயலியோ இப்போதைக்கு வேண்டாம். மெஷின்மேன் கையில் மை இருக்கும், அவர் போனைத் திறந்து சீட்டை நகர்த்த மாட்டார், கடைசியில் ஒரே ஆள் மாலையில் உட்கார்ந்து எல்லாருக்குமாக நகர்த்துவார், மறுநாள் காலை அது பழைய செய்தி. இரண்டாவது கிளை வந்தாலோ, டிசைனர் வீட்டிலிருந்து வேலை பார்த்தாலோ ட்ரெல்லோ மாதிரி ஓர் ஆன்லைன் போர்டுக்குப் போகலாம். அப்போதும் அச்சிலிருந்து வலப்பக்கம் உள்ள கட்டங்கள் சுவரிலேயே இருக்கட்டும்.